பிரமு அக்காவின் வலது கை

ஜூன் 10, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஜனவரியில் அக்கா மார்பில் கட்டி என்று சொன்ன நாளே எனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்வார்கள், அதோடு விடாது, கையில் வந்து உட்காரும், பீடி சுற்ற முடியாமல் போகும், கடைசியில் சர்க்கார் வாசலில் போய் நிற்போம் என்று வரிசையாகச் சொன்னேன். பூமிக்குள் இருநூறு அடியில் ஓடுகிற தண்ணீரை உள்ளங்கைத் தேங்காயை வைத்துச் சொல்கிறவன் நான். மனுச உடம்பு எம்மாத்திரம்?

இதை வாசித்துவிட்டு அக்கா மகள் கனி சிரிக்கிறாள். “மாமா, நீங்க சொன்னது, வெறும் கொழுப்புக் கட்டி, வேப்பெண்ணெய் தடவுனா கரைஞ்சிரும்னு. ரெண்டு மாசம் தடவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனோம்.”

சின்னப் பிள்ளைக்கு ஞாபகம் குழம்பும். மூன்றாம் வருஷம் பி.காம். படிப்பதால் எல்லாம் தெரிந்துவிடாது. நான் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன். அதற்குக் காரணம், இனிமேல் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று ஹெட்மாஸ்டரே சொல்லிவிட்டதுதான்.

இந்த டைரி பம்புசெட் கடையில் கொடுத்தது. எந்த ஆபீசுக்கு எந்தத் தேதியில் போனோம், யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துவைக்கச் சொல்லிக் கனி என் கையில் தந்தாள். ஆகவே குறிக்கிறேன். நான் சங்கரபாண்டி, வயது நாற்பத்தொன்பது, நீரோட்டம் பார்ப்பவன், ஏழு ஊரில் பெயர் உண்டு. என் அக்கா பிரம்மசக்தி, ஊருக்குப் பிரமு, வயது ஐம்பத்து நான்கு. பதினாறு வயதிலிருந்து பீடி சுற்றினாள். அத்தான் போன பிறகும் ஒருத்தர் வீட்டு வாசலில் நின்றதில்லை. மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் சாயந்தரத்துக்குள் ஆயிரம் எண்ணி எழுந்திருப்பாள். இன்று வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி, மரச்சீனிக் கிழங்கு மாதிரி கிடக்கிறது. ஆபரேஷனில் கக்கத்து நெறிகளையும் சேர்த்து எடுத்ததால் நீர் இறங்க வழியில்லையாம். போன வாரம் பீடிக்கடையில் அக்கா பெயருக்கு இலை கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊனமுற்றோருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று வார்டு நர்ஸ் சொன்னாள். எனக்கு முன்பே தெரியும். நர்ஸ் சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தேன். அது வந்தால் அரிசியும், ஆஸ்பத்திரி பஸ்ஸும், கைக்கு மாட்டுகிற இறுக்க உறையும் ஓடிவிடும். கனி படிப்பை முடிப்பாள். வராவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

விடமாட்டேன். வாங்கியே தீருவேன்.


ஜூன் 11, செவ்வாய்

இ-சேவை மையம். விண்ணப்பத்துக்கு அக்கா விரலை வைக்கச் சொன்னான் அந்தப் பையன். வைத்தாள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தாள். அடுத்த விரல். அதற்கடுத்த விரல். பத்தும் பார்த்தாயிற்று.

“ரேகையே விழல அண்ணாச்சி. அம்மா என்ன வேலை பாத்தாவ?”

“பீடி.”

“அதான். தேஞ்சு போச்சு.”

முப்பத்தெட்டு வருஷம் இலையை உருட்டி உருட்டி ரேகை போயிருக்கிறது. அக்கா தன் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது போனதே தெரியல பாரேன்” என்றாள்.

போனுக்கு நம்பர் வரவழைத்து அதைப் போட்டால் போதும் என்று அந்தப் பையனுக்கு நான் வழி சொல்லிக் கொடுத்தேன். (அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். ஆனால் சொன்னது நான்.) அடுத்த புதன்கிழமை ஜில்லா ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் போர்டு. கையை அளந்து சதவீதம் போடுவார்கள். நாற்பது வந்தால் உதவித்தொகை. முப்பத்தொன்பது வந்தால் ஒரு அட்டை மட்டும்.


ஜூன் 14, வெள்ளி

மேலத்தெரு தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் பாயிண்ட் பார்த்துக் கொடுத்தேன். இருநூற்றைம்பது அடியில் ஈரம் வந்தது. ஈரமும் தண்ணீரின் ஒரு வகைதான்.


ஜூன் 19, புதன்

போர்டு.

காலை ஐந்தே முக்கால் பஸ். அக்கா அந்த அரக்குச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். “கல்யாண வீட்டுக்கா போறோம்?” என்றேன். “பெரிய டாக்டர்மார் பாக்காவ. பரட்டையா போனா நம்மள என்ன நினைப்பாவ?” என்றாள். வீங்கிய கையை முந்தானையால் மூடியிருந்தாள். ஒரு கால் இல்லாதவர், கண் தெரியாதவர், தூக்கிக்கொண்டு வரப்பட்டவர் என்று ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஜனம். அக்காதான் அங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி திடமாக இருந்தாள்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே நோயாளி மட்டும் என்றதால் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதைக் குறித்துவைக்கிறேன். நான் வெளியே.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மேசையில் பச்சை பிளாஸ்க். பள்ளிக்கூடத்தில் கோணம் அளக்கிற கருவிக்கு ரெண்டு நீளக் கால் வைத்த மாதிரி ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்தார். சுவரில் எலும்புப் படம், இடது முழங்காலில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். இதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தது.

நாலு நிமிஷம் ஆகவில்லை. அக்கா முகத்தைக்கூட அந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சரியாகச் சோதிக்காமல் எழுதிவிட்டார். நான் மட்டும் உள்ளே இருந்திருந்தால் விட்டிருப்பேனா?

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். அக்கா இடது கையால் வாங்கினாள். பஸ்ஸில் வலது கையை மடியில் தாங்கிக்கொண்டே வந்தாள். கூட்டம் அதிகம்.


ஜூன் 20, வியாழன்

அக்கா கை நேற்றைவிட வீக்கம். வெயில்.


ஜூன் 22, சனி

கைக்கு இன்னும் சுகமில்லை. கனிதான் தலை சீவி விடுகிறாள், சோறு பிசைந்து கொடுக்கிறாள். “போன வாரம்கூட நெஞ்சுவரைக்கும் வந்துதே, இப்ப தொட்டாலே துடிக்கா. போர்டுல என்ன செஞ்சாவ?” என்று என்னைக் கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும்? நான் வெளியில நின்னேன்.”

அக்கா குனிந்து ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.


ஜூன் 27, வியாழன்

கனி போனுக்குச் செய்தி வந்தது. முப்பது.

நாற்பதுக்குப் பத்துக் குறைவு. அவ்வளவுதான், போர் போட்ட இடத்தில் தண்ணீருக்குப் பதில் புகை வந்த மாதிரி. ஆனால் நான் புகையைக் கண்டு ஓடுகிறவன் இல்லை. பாயிண்டைப் பத்தடி தள்ளி வைத்து மறுபடியும் துளைப்பவன்.

கனி அந்தச் சான்றிதழைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “தோள் நூத்தி நாப்பது டிகிரி உயருதுன்னு போட்டிருக்கு மாமா. அம்மாவுக்கு எழுபதே தாண்டாதே? கைய வச்சுப் பாக்காம எப்படி நூத்தி நாப்பதுன்னு எழுதுவாவ?”

“அதத்தான் சொல்லுதேன். பாக்காமலே எழுதிட்டாவ.”

“நீங்க பாத்தியளா?”

“ஜன்னல் வழியா.”

“நான் போன வருசம் எங்க காலேஜ் பிள்ளைக்கு அந்த ரூமுக்குத் துணைக்குப் போயிருக்கேன். அங்க ஜன்னலே கிடையாதே.”

புதிதாக வைத்திருப்பார்கள் என்றேன். கனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய அப்பா கடன்காரனைப் பார்க்கிற பார்வை அது.

அக்காதான் பேச்சை முடித்தாள். “விடுங்க ரெண்டு பேரும். முப்பதுன்னா முப்பது. அவ்வளவு ஊனம் இல்லேன்னு சந்தோசப்படாம, இதுக்குப் போயி அழுதுகிட்டு.”

நான் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. எண்ணினேன்.


ஜூலை 1, திங்கள்

கலெக்டர் ஆபீஸ், மனு நாள்.

வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அவருக்கு வேர்த்துவிட்டது. “அண்ணாச்சி நீங்க வக்கீலா?” என்று கேட்டார். இல்லை, ஆனால் ரெண்டு வக்கீலுக்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுத்தவன் என்றேன். மனுவில் இப்படி வந்தது: ‘மேற்படி மருத்துவர் என் தமக்கையைத் தொட்டுக்கூடப் பாராமல், நான்கே நிமிடத்தில், கவனக்குறைவாக, மனிதாபிமானமின்றி...’ அந்த ‘மனிதாபிமானமின்றி’ அவருடைய சரக்கு. நல்ல கனமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

என்னைக் கண்டதும் கலெக்டரே எழுந்து நின்றார். அந்த நேரம் கரண்டு போய் எல்லாருமே எழுந்தார்கள் என்பது உண்மைதான். மனுவை வாங்கி, கையெழுத்துப் போட்டு, மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு அனுப்பினார். நடவடிக்கை எடுக்கப்படும் என்று சீட்டு தந்திருக்கிறார்கள். அதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.


ஜூலை 6, சனி

ஆடித் தள்ளுபடிக்கு ஆள் எடுக்கிறார்களாம், ஜவுளிக்கடையில். ஆடி ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். கனி போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஒரு வருசம்தான மாமா. அடுத்த வருசம் சேந்துக்கிடலாம்.”

மத்தியானம் நான் போனபோது பக்கத்து வீட்டில் கடன் இலை வாங்கி, சுளகை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். வலது கையால் இலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் உருட்டுகிறாள். உருளவில்லை. தூள் எல்லாம் மடியில். ஒன்றைப் பாதி உருட்டி, நூல் கட்டும்போது அவிழ்ந்தது. அதை எடுத்து மறுபடியும்.

“என்னக்கா செய்யுத?”

“பழகுதேன். இடது கையும் கைதான?”

நானும் உட்கார்ந்து சுற்றினேன். முதல் முயற்சியிலேயே நூறு சுற்றிவிட்டேன். என் பீடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழகு. அக்கா பார்த்துவிட்டு, “ஏல, இது பீடியா, முருங்கைக்காயா?” என்று சிரித்தாள். இந்த மாசத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். கடைக்காரர் புது மாதிரியைப் புரிந்துகொள்ளும் அறிவில்லாமல் எழுபதைத் தள்ளிவிட்டார்.


ஜூலை 9, செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்குப் போனேன். மனு அங்கே வந்துவிட்டது. புனிதா என்று ஒரு மேடம் அதை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“மறு பரிசோதனைக்கு அனுப்புறது சுலபம் சார். ஆனா நீங்க டாக்டர் மேல புகாரா எழுதியிருக்கீங்க. சோதிக்கலை, மனிதாபிமானம் இல்லைன்னு. அப்போ அவங்ககிட்ட விளக்கம் கேட்டுத்தான் ஆகணும்.”

“கேளுங்க.”

“கேப்பாங்க. அவங்க ஒப்பந்தத்துல வந்தவங்க. ஆகஸ்ட்ல புதுப்பிக்கணும். இப்படி ஒரு மனு ஃபைல்ல இருந்தா...” என்று நிறுத்தினார். “உங்க கண்ணால பாத்தீங்கல்ல? சாட்சின்னு உங்க பேரைப் போட்டுக்கலாமா?”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ரொம்பத் தெளிவாகப் பதில் சொன்னேன். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன்.

டீக்கடையில் ரெண்டு டீ குடித்தேன். பிறகு திரும்பிப் போய், அந்த மனுவில் எழுத்துப்பிழை அதிகம் இருக்கிறது, எனக்கு அது கௌரவக் குறைச்சல், திருப்பிக் கொடுங்கள் என்றேன். புனிதா மேடம், வாபஸ் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். புது மனுவுக்கு இந்தத் தடவை எழுதுகிறவரிடம் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன்:

‘ஐயா, என் அக்கா பிரம்மசக்தியின் வலது கையை இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டுகிறேன். முதல் அளவு தப்பாகிவிட்டது. தப்பு டாக்டருடையது இல்லை.’

மேடம் வாசித்தார். “அப்ப யாரோடது?”

“அதுக்கு இந்தப் பேப்பர்ல கட்டம் இல்ல மேடம்.”

சீல் குத்தி, மறு பரிசோதனைக்குத் தேதி போட்டுக் கொடுத்தார். ஜூலை 24, புதன்.

ஆறாம் வகுப்புக்காரன் எழுதிய மூணு வரியைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. ஹெட்மாஸ்டர் இப்போது உயிரோடு இல்லை, இருந்தால் காட்டியிருப்பேன்.


ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி ஒன்று. கனி ஜவுளிக்கடைக்குப் போகக் கூடாது, இருபத்து நாலு வரை பொறு என்றேன்.

“நீங்க தண்ணி வரும்னு சொன்ன பதினேழு போர்ல பதினொண்ணு புகைதான மாமா?”

“ஆறு வந்துச்சா இல்லையா?”

யோசித்தாள். “சரி. இருபத்தி நாலு வரைக்கும்” என்றாள். “ஆனா ஒண்ணு. அன்னைக்கு உள்ள நான் வாறேன். நீங்க வெளியில நில்லுங்க, போன தடவ நின்ன மாதிரி.”

அந்த ‘நின்ன மாதிரி’யை அவள் இழுத்த இழுப்பு இருக்கிறதே.


ஜூலை 24, புதன்

கனிக்கு அன்றைக்கே காலேஜில் ஏதோ கையெழுத்துப் போடும் நாள் வந்துவிட்டது. நான்தான் போனேன்.

அக்கா இந்தத் தடவையும் அரக்குச் சேலைதான். பூ மட்டும் நான் வாங்கிக் கொடுக்கவில்லை. அவளே பஸ் ஸ்டாண்டில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம் என்றார்கள். போனேன். அதே டாக்டரம்மா. கூட வயதான ஒரு டாக்டர், மறு பரிசோதனை என்பதால். பெரியவர் பழைய பேப்பரைப் புரட்டினார். “நூத்தி நாப்பதா? அஞ்சு வாரத்துல இப்படி ஆகாதேம்மா. போன தடவ கை தலைக்கு மேல போயிருக்கு. இப்ப எவ்வளவு போகும், தூக்குங்க பாப்போம்.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பற்றி எழுத எனக்கு வராது. ‘என்னல, தூக்கட்டுமா?’ என்று கேட்கிற கண்.

கேட்டுக்கொண்டே தூக்க ஆரம்பித்துவிட்டாள். மார்பு மட்டத்துக்குக் கை வந்தபோது உதட்டைக் கடித்தாள். நான் எழுந்து அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்து, மெல்ல இறக்கி, மடியில் வைத்தேன். சூடாக இருந்தது.

“ஏன் சார் தடுக்கறீங்க?” என்றார் பெரியவர்.

“அவளால முடியாது.”

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனை வருஷமோ. அக்காவைப் பற்றி என்றைக்குமே வந்ததில்லை. அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள், அடி வாங்கியவள் மாதிரி.

“குடம் தூக்க முடியாது. கொண்டை போட முடியாது. ஜாக்கெட்டுக் கொக்கி மாட்ட முடியாது, பிள்ளதான் மாட்டுது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துன கை, இப்ப ஒண்ணு சுத்த முடியாது டாக்டர். பாத்தேன், நானே பக்கத்துல இருந்து பாத்தேன்.”

“அப்போ போன தடவ?” என்று கேட்டது அந்த டாக்டரம்மா. குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்குத் தகுந்த பதில் சொன்னேன். என்ன பதில் என்பதை எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை.

(கனி இதைப் பார்த்தால், கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறதே என்பாள். அது பார்வைக்கு அப்படித் தெரியும்.)

டாக்டரம்மா அக்கா கையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு, எங்கே வலிக்கிறதோ அங்கே நிறுத்தச் சொல்லி அளந்தார். விரல் ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். நாற்பது நிமிஷம். முடிவில் முந்தானையை அவரே எடுத்துப் போர்த்திவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். “ஏல, நான் அவ்வளவு முடியாமலா போயிட்டேன்?”

“பேப்பருக்குத்தான்க்கா.”

“ம்” என்றாள். டீயை இடது கையால் வாங்கிக்கொண்டு, பாதி குடித்துவிட்டு, “கொக்கி சங்கதியெல்லாம் எதுக்குல ஆம்பளையாளு முன்னால சொன்ன?” என்று திட்டினாள். பஸ் வரும்வரை திட்டினாள். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.


ஆகஸ்ட் 5, திங்கள்

ஐம்பது!

நாற்பது கேட்டோம், ஐம்பது கொடுத்திருக்கிறார்கள். நான் எதிர்பார்த்தது சரியாக ஐம்பதுதான், யாரிடமும் சொல்லவில்லை. கனி அந்த ஜவுளிக்கடை போட்டோவைக் காலேஜ் பஸ் பாசில் ஒட்டிக்கொண்டாள்.

தாலுகா ஆபீசில் உதவித்தொகை மனு கொடுத்தாயிற்று. சாயந்தரம் பெட்டிக்கடையில் நின்று போர்டையே நடுங்க வைத்த கதையைச் சொன்னேன். ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். மூன்று பேர் கடைசி வரை நின்றார்கள்.


ஆகஸ்ட் 21, புதன்

வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரித்தார். அக்கா அவருக்குக் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னாள். வீட்டை மெழுகிக் கோலம் போட்டு வைத்திருந்தாள், இடது கையால். “இவ்வளவு சுத்தமா வச்சிருந்தா ஏழைன்னு எப்படிம்மா எழுதுறது?” என்று அவர் தமாஷாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன். கனி என் காலை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.


செப்டம்பர் 15, ஞாயிறு

உத்தரவு வந்துவிட்டது. முதல் மாதத் தொகையும் வந்துவிட்டது. அக்கா வெள்ளிக்கிழமை பேங்குக்குத் தானே போய், ரேகை விழாததால் கண்ணைக் காட்டி எடுத்துவந்தாள். வந்ததும் அரிசிக்கடைக்குப் போனாள். கனிக்கு ஒரு கணக்குப் பதிவேட்டு நோட்டு. எனக்கு ஒரு பேனா. “எழுதுதியே, வச்சுக்க” என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, “அந்த டைரில என்னதான் எழுதியிருக்க, வாசி கேப்போம்” என்றாள். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. கனி டவுனுக்குப் போயிருந்தாள். உறையை மாட்டிய கையைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் முதலிலிருந்து வாசித்தேன். கொஞ்சம் சேர்த்தும் வாசித்தேன். கலெக்டர் இடத்தில் ரெண்டு தாசில்தாரையும் எழுப்பி நிற்க வைத்தேன். ஹெட்மாஸ்டர் இடத்தில் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அவரு உன்னைய பம்பரத்துக்காகல்ல வெளிய தள்ளுனாரு!”

பிறகு ஜூன் பத்தொன்பது வந்தது.

வாசித்தேன். உள்ளே நோயாளி மட்டும் என்றதால் நான் வெளியே பெஞ்சில். இதைக் குறித்துவைக்கிறேன். நான் வெளியே. டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். ஆனால் முகம் மாறவில்லை. உறையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்க” என்றாள். “மேல வாசி.”

வாசிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று வெளியே வந்தேன். எனக்குக் கண்ணாடி கிடையாது என்று அக்காவுக்குத் தெரியும். கூப்பிடவில்லை.

இப்போது அவள் கொடுத்த பேனாவால் எழுதுகிறேன். இந்த டைரியில் சின்னச் சின்னதாக நான் பூசியதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அதனால் யாருக்கும் கை வலிக்கவில்லை. இது ஒன்றை மட்டும் திருத்துகிறேன்.

ஜூன் பத்தொன்பது நான் வெளியே நிற்கவில்லை. உள்ளே, அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அந்த டாக்டரம்மா நல்ல பிள்ளை. அக்கா முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், ‘பாவம்மா நீங்க, ரொம்பக் கஷ்டப்படுறீங்களா?’ என்று ஆரம்பித்தார். அந்தப் ‘பாவம்’ என்னைச் சுட்டுவிட்டது. கையை எவ்வளவு தூக்க முடியும் என்று அவர் அக்காவைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

“எங்க அக்காவ என்னன்னு நினைச்சிய டாக்டர்? ரெண்டு குடத்த ஒரே நேரத்துல தூக்குவா. இந்தக் கையாலதான் எனக்குச் சோறு போட்டா. இப்பவும் பாருங்க, தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுவா, ஒண்ணும் ஆகாது. எக்கா, காட்டுக்கா.”

இரண்டாம் தடவை, அப்போ போன தடவ என்று அந்த டாக்டரம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதில் இந்தச் சங்கதிதான். நான் பீத்தினேன் டாக்டர், அதுக்காக அவ தூக்கினா என்று சொன்னேன்.

ஜூன் பத்தொன்பது அன்று, நான் காட்டு என்றதும் அக்கா தூக்கினாள். காது தாண்டி, பூ தாண்டி, தலைக்கு மேலே. அந்தக் கருவியைத் தோளில் வைத்து அளந்து முடிக்கும்வரை இறக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தம்பி சொன்னது நாலு பேர் முன்னால் பொய்யாகிவிடக் கூடாது என்று அப்படியே வைத்திருந்தாள்.